புதுமணல் பரப்பிய கைகள்

சீத்தலைச் சாத்தனார் இயற்றிய மணிமேகலையின் முதற்காதைக்கு விழாவறை காதை என்று பெயர். காவிரிப்பூம்பட்டினத்தில் இந்திர விழா எடுப்பது குறித்து முடிவு செய்ய ஓர் அவை கூடுகின்றது. சமயக் கணக்கர் வருகின்றனர். காலத்தைக் கணிப்போர் வருகின்றனர். வேற்றுமொழி பேசுவோராய் வந்து அந்நகரில் தங்கிவிட்டவர்களும், ஐம்பெருங்குழுவினரும், எண்பேராயத்தினரும் வந்து அமர்கின்றனர். இன்றைய வழக்கில் கூறின், மாநகராட்சி மன்றத்தின் சிறப்புக் கூட்டம் அது. விழா எடுப்பது என்று முடிவானதும் யானையின் பிடரியில் முரசம் ஏறுகின்றது. முரசறைவோன் நகர மக்களுக்கு ஏவல்களை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்குகின்றான். வீதிகளில் தோரணம் கட்டுக; நிறைகுடம் வைத்திடுக; காய்த்த கமுகும் வாழையும் கரும்பும் நாட்டுக; கிடந்த மணலை அகற்றிப் புதிய மணலை இடுக; சினமும் பூசலும் விடுத்துப் பகைவர்பாலிருந்தும் ஒதுங்கிச் செல்க. இவ்வாறு இருபத்தெட்டு நாள் விழாவிற்கு ஒரு பெருநகரம் ஆயத்தமாகும் காட்சியை, ஒரு நகராட்சி ஆணையரின் சுற்றறிக்கை போன்ற துல்லியத்துடன் சாத்தனார் தந்துள்ளார்.

அக்காதையைப் பலமுறை படித்துள்ளோம். படிக்குந்தோறும் ஓர் ஐயம் நம்மை விட்டு அகல்வதில்லை. முரசு அறைந்தவன் இன்னான் என்று காப்பியம் கூறுகின்றது. முதுகுடியில் பிறந்தோன் அவன். அவையில் அமர்ந்தோர் இன்னின்னார் என்று கூறுகின்றது. பழைய மணலை வாரிச் சுமந்து கொட்டிவிட்டுப் புதிய மணலைக் கொணர்ந்து பரப்பியவர் யாவர்? அவர்க்குக் கூலி உண்டா? விழா நாளில் அவரும் அம்மணலில் நடந்தனரா? சாத்தனாரைக் குறை கூறுவது நம் கருத்தன்று. முரசறைவோன் வாயிலாகப் பேசுங்கால் அவ்வளவே பேச இயலும். ஆயினும் ஒரு நகரம் விருந்தினரை எதிர்நோக்கித் தன்னை ஒப்பனை செய்துகொள்ளும் செய்தியை நாளிதழில் எப்பொழுது காணினும், நம் நெஞ்சு அந்த மணலின் பக்கமே சாய்கின்றது.

அதற்குக் குடும்பத்து வழக்கமும் ஒரு காரணம். நம் தந்தையார் பழைய சித்தூர் மாவட்டத்து நகராட்சி ஒன்றில் துப்புரவுப் பிரிவு மேஸ்திரியாக இருந்து ஓய்வு பெற்றவர். அமைச்சர் வருகின்றார் என்றால் அவருக்கு இரண்டு நாள் உறக்கம் இராது. சாலையின் இருமருங்கும் சுண்ணாம்பும் பிளீச்சிங் பவுடரும் கலந்து நேர்க்கோடு இடவேண்டும். கோடு வளைந்தால் மேலதிகாரியின் ஏச்சு. "அமைச்சர் கார் கோட்டைப் பார்க்கும், கோட்டுக்கு அந்தப் பக்கம் இருக்கிற சாக்கடையைப் பார்க்காதுடா" என்று அவர் சிரித்துக்கொண்டே சொல்லுவார். ஊரின் தூய்மையைக் கோட்டுக்கு இப்பால், கோட்டுக்கு அப்பால் என்று பிரித்துக் காணும் பழக்கம் அன்றே நமக்குத் தொற்றிக்கொண்டது.

இற்றைக்கு நாம் வாழ்வதோ திருப்பதியில். 1886-இல் நகராட்சியாகி 2007-இல் மாநகராட்சியாக உயர்ந்த ஊர். பிற நகரங்கள் பத்தாண்டுக்கு ஒருமுறை விருந்தினரை வரவேற்கும். நம் நகரமோ நாள்தோறும் வரவேற்கின்றது. மலையேறும் அடியார் தொகை பெரும்பாலான நாள்களில் 60,000-க்குக் குறைவதில்லை. பிரம்மோற்சவத்துக் கருட சேவை நாளில் அது இலட்சங்களில் எண்ணப்படும். நடுவண் அரசு அலுவலகம் ஒன்றில் எழுத்தராய் அமர்ந்து சன்னல் வழியே சாலையை நோக்கின், கன்னடமும் தமிழும் தெலுங்கும் இந்தியும் ஒரே தேநீர்க் கடையில் வரிசையில் நிற்பதைக் காணலாம். ஆகவே விருந்தோம்பலின் சுமை யாது என்பதை ஏட்டில் படித்து அறியவேண்டிய நிலையில் இவ்வூரார் இல்லை.

இத்தகைய நமக்கு, 2022-ஆம் ஆண்டு சென்னைப் பெருநகரும் மாமல்லபுரமும் ஓர் உலக விருந்துக்கு ஆயத்தமானதைக் காண ஆவல் எழுந்ததில் வியப்பில்லை. 44-ஆவது சதுரங்க ஒலிம்பியாடு முதலில் உருசிய நாட்டில் நடப்பதாக இருந்தது. 2022 பிப்ரவரியில் உக்ரைன் மீது போர் தொடங்கவே, உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு அவ்வுரிமையைத் திரும்பப் பெற்றது. மார்ச்சு 15-ஆம் நாள் சென்னைக்கு என்று முடிவாயிற்று. தொடக்க விழாவோ சூலை 28. இடையில் இருந்தவை நான்கரை மாதங்களே! ஓர் இல்லத்தில் திருமணம் என்றாலே ஆறு மாதம் வேண்டும் என்பர் நம்மவர். இங்கோ 180-க்கு மேற்பட்ட நாடுகள். பொதுப் பிரிவில் 188 அணிகள், மகளிர் பிரிவில் 162 அணிகள். ஏறத்தாழ 1,700 ஆட்டக்காரர்கள். அவர்களுக்கு உறையுளும் ஊர்தியும் வேண்டும், பல நாட்டு நாவுக்கும் ஏற்ற உணவு வேண்டும், மருத்துவர் வேண்டும். மின்சாரம் ஒரு நொடியும் நிற்றல் ஆகாது. மாமல்லபுரத்து விடுதி வளாகத்தில் இருந்த மண்டபம் போதாமையால் புதிதாய் ஒரு பெருமண்டபம் எழுந்தது. போட்டி தொடங்குமுன் ஆயிரத்துக்கு மேற்பட்டோரைக் கூட்டி அமரவைத்து ஒத்திகையும் பார்த்தனர். சென்னையில் கூவத்தின் மேலுள்ள நேப்பியர் பாலம் கறுப்பும் வெள்ளையுமாய்க் கட்டங்கள் தீட்டப்பெற்றுச் சதுரங்கப் பலகையாகவே மாறியது. ஊர்தி ஓட்டுவோர் கண் மயங்காரா என்று சிலர் குறை கூறினர். பலர் நின்று படம் எடுத்துக்கொண்டனர். பாலத்தின் கீழ் ஓடும் நீரைப் பற்றி எவரும் பேசியதாய் நாம் கேட்டிலோம். தந்தையாரின் வெள்ளைக் கோடு நினைவுக்கு வந்தது என்பதை மறைப்பானேன்?

குதிரை முகமும் வேட்டி சட்டையும் கூப்பிய கையுமாக ஓர் உருவத்தைப் போட்டியின் சின்னமாக்கி அதற்குத் 'தம்பி' என்று பெயரும் இட்டனர். இது நம் மனத்துக்கு உகந்த செயல். விருந்தினரை வரவேற்க நிற்பவன் வீட்டுப் பிள்ளையாக இருத்தல் முறையன்றோ!

நம் தமக்கையார் மகன் அப்பொழுது எட்டாம் வகுப்பில் இருந்தான், சதுரங்கப் பித்தன். அவன் நச்சரிப்புக்கு இணங்கிச் சூலை 30, சனிக்கிழமை இரவே சென்னைக்குச் சென்று உறவினர் இல்லத்தில் தங்கி, ஞாயிறு விடியலில் மாமல்லபுரம் சேர்ந்தோம். உள்ளே செல்ல அனுமதிச் சீட்டு நமக்கு வாய்க்கவில்லை. ஆட்டமோ பிற்பகலில்தான். காலை நேரத்தில் கடற்காற்று வாரிக் கொணர்ந்து சாலையில் கொட்டிய மணலைப் பெண்கள் நால்வர் நீண்ட விளக்குமாற்றால் கூட்டிக்கொண்டிருந்தனர். புகார் நகரில் மணலைக் கொணர்ந்து பரப்பினர். இங்கே மணலை வாரி அகற்றுகின்றனர். காலந்தோறும் விழாவின் கோலம் மாறும். குனிந்த முதுகு மாறுவதில்லை போலும்.

தேநீர் அருந்த நின்ற இடத்தில் அவர்களுள் மூத்தவர் ஒருவர் நம் அருகே வந்து அமர்ந்தார். மருமகன் கையிலிருந்த சிறு பலகையைக் கண்டு, "தம்பி, நீயும் ஆடுவியா?" என்றார்.

"ஆடுவேன் ஆயா."

"உள்ள போய்ப் பார்த்தியா?"

"சீட்டு கிடைக்கல."

"எங்களுக்கும் வாசலோட சரி. பெரிய பெரிய கண்ணாடிக் கதவு போட்டிருக்காங்களாம்" என்றவர், சற்றுப் பொறுத்து நம் பக்கம் திரும்பி, "ஏன் சார், ஆட்டம் முடிஞ்சா இந்த விளக்கையெல்லாம் கழட்டிடுவாங்களா? நாங்க நாலு மணிக்கு இருட்டுல வர்றோம். இருந்துச்சுன்னா நல்லாருக்கும்" என்றார்.

நம்மிடம் விடை இல்லை. அரசு ஊழியர் என்று கண்டறிந்து கேட்டாரா, கண்ணாடி அணிந்த எவரையும் கேட்பாரா என்பதும் தெரியவில்லை. ஆனால் ஒரு நகர மன்றம் இத்தகைய விழாவுக்கு ஆயத்தமாகுங்கால் கேட்கவேண்டிய வினாக்களில் பாதி அந்த ஒரு வினாவில் அடங்கியிருந்தது. மறுபாதி யாது என்பதற்கு நாற்பது ஆண்டு பின்னோக்கித் தில்லிக்குச் செல்லல் வேண்டும்.

1982 நவம்பர் 19 முதல் திசம்பர் 4 வரை தில்லியில் ஒன்பதாவது ஆசிய விளையாட்டுப் போட்டிகள் நடந்தன. நாம் அப்பொழுது கைக்குழந்தை. அப்பு என்னும் யானைக்கன்று சின்னத்தையும், அவ்வாண்டு வந்த வண்ணத் தொலைக்காட்சியையும் பற்றிப் பெரியோர் கூறக் கேட்டதே உண்டு. அரங்குகளும் மேம்பாலங்களும் இரவு பகலாய் எழுந்தன. தில்லி வளர்ச்சி ஆணையம், தில்லி நிருவாகம், புதுதில்லி நகராட்சி ஆகியவை ஒப்பந்தக்காரர் வழியே அப்பணிகளை நடத்தின. ஒப்பந்தக்காரர்கள் சமேதார் எனப்படும் தரகர் வாயிலாக இராசத்தான், உத்தரப் பிரதேசம், ஒரிசா முதலிய இடங்களிலிருந்து ஆள் கொணர்ந்தனர். நாள் ஒன்றுக்குச் சட்டப்படி உரிய கூலி 9 உரூபாய் 25 காசு. அதில் உரூபாய் ஒன்றைத் தரகர் எடுத்துக்கொண்டனர். பெண்டிர்க்குக் கிடைத்தது 7 உரூபாய். மண் சுமந்த தலைக்கு ஆண் பெண் வேறுபாடு தெரியுமோ என்னவோ, காசுக்குத் தெரிந்திருந்தது.

ஆய்வாளர் மூவர் அவ்விடங்களுக்குச் சென்று கண்டு எழுதிய அறிக்கையை அடிப்படையாகக் கொண்டு, மக்கள் உரிமை அமைப்பு ஒன்று உச்ச நீதிமன்ற நீதிபதி பி. என். பகவதிக்குக் கடிதம் ஒன்று விடுத்தது. முறைப்படியான மனு அன்று அது, வெறும் கடிதம். அதனையே வழக்காக ஏற்றுக்கொண்டது நீதிமன்றம். கடிதங்களுக்குப் பதிவேட்டில் எண் இட்டு, உரிய பிரிவுக்கு அனுப்புவதையே தொழிலாகக் கொண்ட நமக்கு, இச்செய்தியில் உள்ள இன்பம் பிறர்க்கு விளங்குமோ அறியோம். எத்தனை கடிதங்கள் 'கோப்பில் சேர்க்க' என்னும் இரு சொற்களில் உறங்கிப் போகின்றன! ஒரு கடிதம் உறங்காதிருந்தது.

1982 செப்டம்பர் 18-இல் தீர்ப்பு வந்தது. சட்டம் விதித்த குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகப் பெற்றுக்கொண்டு ஒருவன் உழைக்கின்றான் என்றால், அவனை எவரும் சங்கிலியால் பிணிக்கவில்லை என்றாலும், வறுமையே அவனைப் பிணித்து இழுத்து வந்துள்ளது. ஆகவே அது அரசியலமைப்பின் 23-ஆம் உறுப்பு விலக்கிய கட்டாய உழைப்பே ஆகும் என்பது அத்தீர்ப்பின் சாரம். கட்டுமானப் பணி ஆபத்தான தொழிலாதலின் பதினான்கு அகவைக்கு உட்பட்ட சிறாரை அதில் ஈடுபடுத்தலாகாது என்றும் கூறியது. பணியை ஒப்பந்தக்காரரிடம் விட்டுவிட்டோம், எமக்குப் பொறுப்பில்லை என்று அரசும் ஆணையமும் கைகழுவ இயலாது என்றும் உரைத்தது. போட்டி தொடங்க இரண்டே திங்கள் இருந்தன. பதக்கம் வென்றோர் பெயரை மறந்துவிட்ட நாட்டில், வழக்கறிஞர்கள் இன்றும் அத்தீர்ப்பை 'ஆசியாடு தொழிலாளர் வழக்கு' என்றே சுட்டுகின்றனர். விளையாட்டு விழா ஒன்று நம் நாட்டுக்கு விட்டுச் சென்றவற்றுள், எந்த அரங்கைக் காட்டிலும் இத்தீர்ப்பே உயர்ந்த கட்டடம் என்பது நம் துணிபு.

மணல் பரப்பியவர்க்குக் கூலி உண்டா என்று சாத்தனாரிடம் கேட்ட வினாவுக்கு, ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலம் கழித்து ஒரு விடை கிடைத்தது என்று நாம் எண்ணிக்கொண்டோம்.

விடை கிடைத்துவிட்டதால் எல்லாம் செம்மையாயிற்று என்று கூறிவிட முடியாது. 2010-இல் அதே தில்லியில் பொதுநல நாடுகளின் விளையாட்டுப் போட்டி நடந்தது. தொடக்கத்திற்குப் பன்னிரண்டு நாள்களே இருக்க, நேரு விளையாட்டரங்கின் அருகே கட்டிக்கொண்டிருந்த நடைபாலம் இடிந்து தொழிலாளர் பலர் காயமுற்றனர். குடிசைப் பகுதிகள் விருந்தினர் கண்ணில் படாதபடி சாலையோரம் திரைகளை நிறுத்தினர். வெள்ளைக் கோட்டைவிட இது ஒரு படி மேல்; கோடு சாக்கடையை மறக்கச் செய்யும், திரையோ மனிதரையே மறைக்கும்.

செல்வம் மிக்க நாடுகளின் நகர மன்றங்கள் மட்டும் இதில் தேர்ந்தனவா என்றால், அதுவும் இல்லை. கனடா நாட்டு மாண்ட்ரீல் நகரம், மேயர் இழான் திராப்போ என்பாரின் பெருங்கனவால் 1976-இல் ஒலிம்பிக் போட்டிகளை நடத்தியது. அதற்குப் பட்ட கடன் 2006-இல்தான் தீர்ந்தது. முப்பது ஆண்டு! போட்டியன்று பிறந்த பிள்ளைக்குத் திருமணமாகிக் குழந்தையும் பிறந்திருக்கும். அக்கடனை அடைக்கப் புகையிலை மீது வரி விதித்தனர் என்று படித்தபொழுது, ஊதித் தள்ளிய புகையெல்லாம் ஓட்டப் பந்தயத்துக்குப் போயிற்றே என்று நகைத்தோம்.

இனி, எஞ்சி நிற்பவை பற்றிய வினா. விளக்குகளைக் கழற்றுவரா என்று அந்த மூதாட்டி கேட்டது அதுதானே.

சென்னை மையத் தொடர்வண்டி நிலையத்திற்கு அணித்தே மாநகராட்சி விளையாட்டரங்கம் என்று வழங்கிய திடல் ஒன்று இருந்தது. 1964 சனவரியில் அங்கே இங்கிலாந்து அணிக்கு எதிரே பாபு நட்கர்னி 32 ஓவர் வீசி, அவற்றுள் 27-இல் ஓட்டமே கொடாமல், மொத்தம் 5 ஓட்டங்களே கொடுத்தார். பத்தொன்பது அகவை இளைஞராய்ச் சித்தூரிலிருந்து சென்று அவ்வாட்டத்தைக் கண்டவர் நம் தந்தையார். "அன்னிக்கு வெயில்ல உட்கார்ந்து ஒண்ணுமே நடக்காததைப் பார்த்தோம்டா" என்று அதனைப் பெருமையாகவே சொல்லிக்கொள்வார். அத்திடல் இருந்த இடத்தில்தான் 1993-இல் நேரு கோப்பைக் கால்பந்துப் போட்டிக்காகப் புதிய நேரு விளையாட்டரங்கம் எழுந்தது. 1995 திசம்பரில் தெற்காசிய விளையாட்டுப் போட்டிகள் அங்கே நடந்தன. ஏழு நாடுகள் கலந்துகொண்டன. அவ்வமயம் தந்தையார் ஏதோ மருத்துவ வேலையாகச் சென்னை சென்றவர், சிறுவராய் இருந்த நம்மையும் உடன் அழைத்துச் சென்றார். இரவில் அரங்கின் மின்விளக்குக் கோபுரங்களை அண்ணாந்து பார்த்து நின்றோம். தந்தையார் அண்ணாந்து பார்க்கவில்லை. சுற்றுச்சுவரை ஒட்டி நடந்து மழைநீர் வடிகால் எப்படிப் போட்டிருக்கின்றார்கள் என்று குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். "கல்லு நல்லாப் போட்டிருக்கான்; நிக்கும்" என்று ஒரு மேஸ்திரியின் சான்றிதழையும் வழங்கினார்.

அவர் சொன்னபடியே நின்றது. 2022-இன் சதுரங்கத் தொடக்க விழாவும் அவ்வளாகத்து உள்ளரங்கில்தான் நடந்தது. தெற்காசியப் போட்டிக்காக வேளச்சேரியில் அமைத்த நீச்சல் குளம், போட்டி முடிந்த பின்னரும் நகரப் பிள்ளைகளுக்குப் பயன்பட்டு வருகின்றது. விருந்தினருக்கென்று வாங்கிய பாத்திரம் விருந்து முடிந்த பின் வீட்டு அடுக்களையில் நாளும் புழங்குமாயின் வீட்டுக்காரி வருந்தமாட்டாள். பரணில் ஏறிவிடின்தான் முணுமுணுப்பாள். சதுரங்கத்துக்கு ஒரு நற்பேறு, அதற்குப் பேரரங்கு வேண்டா. ஒரு மேசையும் இரண்டு நாற்காலியும் போதும். ஆகவே மாமல்லபுரத்தில் எஞ்சியது கல்லாலும் சுண்ணாம்பாலும் ஆகியதன்று. பள்ளிதோறும் போட்டி நடத்தி, வென்ற மாணவரைப் போட்டி நடக்கும் இடத்துக்கே அழைத்துச் சென்று காட்டினர். அதுதான் எஞ்சியது.

அங்கு ஆடிய விருந்தினரைப் பற்றியும் ஓரிரு சொல் கூறாது விடுதல் முறையன்று. எந்தப் போரால் இவ்விழா தமிழகத்துக்கு வந்ததோ, அந்தப் போரில் குண்டு மழைக்கு ஆளாகியிருந்த உக்ரைன் நாட்டின் பெண்கள் மாமல்லபுரத்தில் மகளிர் பிரிவின் பொற்பதக்கத்தை வென்றனர். பொதுப் பிரிவில் உசுபெக்கித்தான் இளைஞர்கள் வென்றனர். இந்திய மகளிர் அணிக்கு வெண்கலம். அவ்வணியில் ஆந்திரத்துக் குண்டூர்ப் பெண் துரோணவல்லி ஆரிகா நிறைசூலியாய் அமர்ந்து ஆடினார். வெளியே ஆம்புலன்சு ஆயத்தமாய் நின்றது. அம்மாதமே அவருக்குக் குழந்தை பிறந்தது. நிறைசூலி ஒருத்தி அச்சமின்றி வந்து பதினொரு சுற்று நடக்கும் போட்டியில் அமர இயன்றது என்பதைவிட ஓர் ஊரின் விருந்தோம்பலுக்கு வேறு சான்று வேண்டுமோ!

பதினாறே அகவை நிரம்பிய குகேசு, முதற்பலகையில் எட்டு ஆட்டங்களைத் தொடர்ந்து வென்று, பத்தாம் சுற்றில் உசுபெக்கியர் அப்துசத்தோரோவிடம் கைக்கெட்டிய வெற்றியை நழுவவிட்டுத் தோற்று, தலையைக் கவிழ்த்து அமர்ந்ததும் அங்கேதான். அவரே 2024 திசம்பரில் சிங்கப்பூரில் உலக வாகையர் ஆனார். உடனே நம்மூரில் ஒரு வழக்காடல் எழுந்தது. தெலுங்குக் குடும்பத்தில் பிறந்தவர், எம்மவர் என்றார் ஆந்திர முதலமைச்சர். சென்னையில் பிறந்து வளர்ந்தவர், எம் பிள்ளை என்றது தமிழகம். சித்தூரிலும் திருப்பதியிலும் இரு மொழியையும் ஒரே வாயால் பேசி வாழும் நம்மனோர்க்கு இப்பூசல் விளங்குவதே இல்லை. வேற்றுமொழியாளரும் அவையில் அமர்ந்த புகார் நகரத்தாரைக் கேட்டால், யார் பிள்ளையாயினும் உண்டு போகட்டும் என்றிருப்பர்.

நகர மன்றம் ஒன்று ஆயத்தம் செய்யவேண்டியவற்றுள் வாயிலைப் போல் முதன்மையானது பிறிதில்லை. இதனைத் திருப்பதி மக்கள் துயரோடு அறிவோம். 2025 சனவரி 8 இரவு, வைகுண்ட ஏகாதசித் தரிசனச் சீட்டுப் பெறக் காத்திருந்த கூட்டத்தில் நெரிசல் ஏற்பட்டு ஆறு பேர் மாண்டனர். அன்றிரவு ஊர்திகளின் ஓலம் நம் தெருவழியே நெடுநேரம் கேட்டது. அதே ஆண்டு சூன் 4 அன்று பெங்களூரில், கிரிக்கெட்டு வெற்றியைக் கொண்டாட விளையாட்டரங்கின் வாயிலில் திரண்டோருள் பதினொருவர் மாண்டனர். முன்னது பத்தி, பின்னது விளையாட்டு. வாயில் ஒன்றே. உள்ளே எத்தனை இருக்கை என்று எண்ணுவோர், வெளியே எத்தனை கால்கள் நிற்கும் என்பதையும் எண்ணியாக வேண்டும். வெளியே நிற்போர் அழைக்கப்படாதவர் அல்லர். முரசொலி கேட்டு வந்தவர்களே.

2030-இல் பொதுநல நாடுகளின் விளையாட்டுப் போட்டியை நடத்தும் பொறுப்பு அகமதாபாத்து நகருக்கு என்று 2025 நவம்பர் 26-இல் கிளாசுகோவில் முடிவாகியுள்ளது. 1930-இல் கனடாவின் ஆமில்டன் நகரில் தொடங்கிய போட்டிக்கு அது நூறாவது ஆண்டு. அங்கே இனிச் சாலை அகலும், பாலம் எழும், ஆள்கள் தொலைவிலிருந்து வருவர். சித்தூர்ப் பக்கத்துக் கொத்தனார் சிலரும் செல்லக்கூடும். மழை பொய்த்த ஆண்டுகளில் இங்கிருந்து எங்கெங்கோ சென்றவர்களே அவர்கள். செல்வோர் கூலிச் சீட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளவேண்டும் என்று நாம் அறிந்த இருவரிடம் இப்பொழுதே கூறி வைத்துள்ளோம். "அதெல்லாம் யாரு சார் தர்றாங்க" என்றனர். தரவேண்டும் என்பது 1982-இலேயே தீர்ந்த வழக்கு என்று விளக்க முற்பட்டோம், பேருந்து வந்துவிட்டது.

நம் மருமகன் இப்பொழுது மேனிலைப் படிப்பை முடிக்கும் நிலையில் உள்ளான். சென்ற ஆண்டு சித்தூரில் நண்பர்கள் சிலர் கூடிப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒருநாள் சதுரங்கப் போட்டி ஒன்று நடத்தினோம். பள்ளி ஒன்றின் கூடத்தை ஞாயிற்றுக்கிழமைக்கு இரவல் பெற்றோம். 120 பிள்ளைகள், 60 பலகைகள். உலகப் போட்டியைக் கண்டவர் போல மூன்று வாரம் கூடிக் கூடிப் பேசினோம். குடிநீர்க் குடம் எத்தனை, பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பறை திறந்திருக்குமா, வெயிலுக்கு வாயிலில் பந்தல் உண்டா என்றெல்லாம் பட்டியல் நீண்டது. சாப்பாட்டுக் கணக்கு எழுதும் பணி, வழக்கம்போல் எழுத்தர் என்பதால் நம் தலையில் விழுந்தது. பிள்ளைகள் 120, உடன் வரும் பெற்றோர் 70, நடுவர் 6, தொண்டர் 15 என்று நண்பர் சொல்லச் சொல்ல எழுதி முடித்தபின், அடியில் 'கூடம் பெருக்குவோர் 4' என்று சேர்த்தோம். "அவங்க காலையில பெருக்கிட்டுப் போயிடுவாங்களே" என்றார் நண்பர். சாப்பிட்டுவிட்டுப் போகட்டும் என்றோம். மொத்தம் 215 என்று கூட்டிச் சமையற்காரரிடம் தாளைக் கொடுத்தோம். அவர் கண்ணை இடுக்கிப் பார்த்துவிட்டு, "நான் இருநூத்தி முப்பதுக்கு அரிசி போடறேன் சார், எப்பவும் எழுத விட்டுப் போனவங்க சில பேர் இருப்பாங்க" என்று கூறி, தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.